1863இன் முடிப் பின்னல்: ஒரு பிரேஸ்லெட்டைப் பழுதுபார்த்த பதினோரு வாரம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பூட்டு 'டிக்' என்று விழுந்தது. மூன்று பின்னல் குழல்களும் ஒரே மட்டத்தில் தொங்கின. நடுக்குழல் முறுக்கிக்கொள்ளவில்லை. பதினோரு வாரமாகச் சமையலறை மேஜையின் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த வேலை முடிந்தது. அளவுகளும் தவறுகளும் மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன். முடி நகையைப் பழுதுபார்ப்பது பற்றித் தமிழில் தேடி எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அடுத்து யாராவது தேடினால் அவர்களுக்கு இதுவாவது கிடைக்கட்டும்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இறந்தவரின் தலைமுடியைப் பின்னி நகையாக்கி அணிந்தார்கள். அப்படிச் செய்த ஒரு பிரேஸ்லெட் இது. நான் வசிக்கும் யார்க்ஷயரில், ஒரு பழம்பொருள் சந்தையில் 70 பவுண்டு கொடுத்து வாங்கினேன். விற்றவரின் மேஜையில் கறுப்பு ப்ரோச்சுகள் நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் 'விட்பி ஜெட்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். விட்பி இதே மாவட்டத்துக் கடலோர ஊர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம் இறுகிக் கருங்கல்லைப் போல ஆனதுதான் ஜெட். கையில் எடுத்தால் கனமே இருக்காது, குளிர்ச்சியும் இருக்காது. நான் எடுத்தவற்றில் இரண்டு சில்லென்று கனத்தன, அவை கறுப்புக் கண்ணாடி. இன்னொன்று ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. கடினமாக்கிய ரப்பரான வல்கனைட் வெயில் பட்டால் அப்படித்தான் நிறம் மாறும். அவற்றை வைத்துவிட்டு, தட்டின் மூலையில் உடைந்து கிடந்த இந்த முடிப் பின்னலை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்தேன். மூன்று குழல்கள், ஒவ்வொன்றும் 17.5 செ.மீ. நீளம், 4.5 மி.மீ. தடிமன். குழல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் போடும் சடையைப் போல இது தட்டையானது கிடையாது. உள்ளே வெற்றிடம், வெளியே வலை போன்ற பின்னல். ஒவ்வொரு குழலின் முனையும் ஒரு சிறு தங்க மூடிக்குள் 4 மி.மீ. நுழைந்து ஒட்டப்பட்டிருந்தது. மூடிகள் சின்ன வளையங்களால் பூட்டோடு மாட்டியிருந்தன. பூட்டு 28 மி.மீ.க்கு 19 மி.மீ. அளவுள்ள நீள்வட்டம். அதன் முகத்தில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் இறகு போலச் சுருட்டிய ஒரு முடிக்கற்றை, அதைக் கட்டிய தங்கக் கம்பி, கடுகைவிடச் சிறிய மூன்று முத்துகள். விளிம்பில் கறுப்பு எனாமல். பின்பக்கத்தில் இரண்டு எழுத்துகள், 1863ஆம் ஆண்டில் ஒரு தேதி, 'வயது 31'.

பழுது ஒரே இடத்தில்தான். நடுக்குழல் மூடிக்குள் நுழையும் வாயில் அறுந்து, முப்பது நாற்பது மயிரிழைகளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மூடியின் விளிம்பு கூர்மையாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை கை அசையும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது.

முடி இருந்தாலே துக்க நகை என்று நினைக்கக் கூடாது. காதலர்கள், தோழிகள், தாய்மார்கள் எல்லோரும் முடியைப் பரிமாறிக்கொண்ட காலம் அது. இறந்த தேதி பொறித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதில் பொறித்திருந்தது. அடுத்தது எனாமலின் நிறம். திருமணம் ஆகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வெள்ளை எனாமல் இடுவது வழக்கம், இது கறுப்பு. முத்து கண்ணீருக்கு அடையாளம். தங்கத்தில் அரசு முத்திரை எதுவும் இல்லாததால், இங்கே பழைய நகைகளைப் பழுதுபார்க்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அமிலம் தொட்டுப் பார்த்து, "9 காரட்" என்றார். இங்கிலாந்தில் 9, 12, 15 காரட் தங்கத்துக்குச் சட்ட அனுமதி வந்தது 1854இல். ஆக, பொறித்திருந்த ஆண்டும் தங்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. இளவரசர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று இறந்தார். அதற்குப் பிறகு 1901இல் தான் இறக்கும்வரை விக்டோரியா ராணி கறுப்பைக் களையவில்லை. நாடே துக்க உடையையும் துக்க நகையையும் கவனித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் யாரோ ஒரு கணவரோ சகோதரியோ இதைச் செய்யக் கொடுத்திருக்கிறார்கள்.

நண்பர் நல்ல கைக்காரர். பார்த்த உடனே, "நடுக்குழலை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் புது முடி பின்னிப் போட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் காலத்துப் பெண்களின் பெரிய பயமே அதுதான். இறந்த மகளின் முடியைக் கடையில் கொடுத்தால், திரும்பி வருவது அவள் முடிதானா என்று எப்படித் தெரியும்? நீளம் போதவில்லை என்று கடைக்காரர் வேறு முடியை வைத்துப் பின்னிவிடலாம். இந்த ஐயத்தால்தான் பல பெண்கள் பின்னலைத் தாங்களே வீட்டில் கற்றுக்கொண்டார்கள். அன்றைய பத்திரிகைகளும் கைந்நூல்களும் அதைச் சொல்லியே அவர்களைக் கற்கத் தூண்டின. 31 வயதில் இறந்த ஒருவரின் பிரேஸ்லெட்டில், இத்தனை ஆண்டு கழித்து, நான் வேறு முடியை நுழைப்பதா? தங்கம் பெட்டி மட்டும்தான். உள்ளே இருக்கும் முடிதான் நகை. அங்கே இருக்கும் முடியில் ஒரு மயிரிழையைக்கூடக் கூட்டக் கூடாது, முடிந்தவரை குறைக்கவும் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு வந்த தொல்லைகள் எல்லாம் அந்த முடிவிலிருந்து வந்தவை. அதற்காக வருந்தவில்லை.

முதல் தவறு முதல் நாளே நடந்தது. பூட்டின் கண்ணாடியில் அழுக்கு இருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தேன். பத்து நிமிடத்தில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது. விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருந்திருக்கிறது. அடியில் இருக்கும் இறகுச் சுருள் பிசினால் ஒட்டியது, தண்ணீர் உள்ளே போனால் அவிழ்ந்துவிடும். வயிறு கலங்கிவிட்டது. மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகள் எட்டைப் போட்டு, பிரேஸ்லெட்டை அதற்குள் வைத்தேன். ஆவி முழுதும் போக ஆறு நாள் ஆயிற்று. சுருள் அசையவில்லை, முத்துகளும் மங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் முடி இருக்கும் நகைக்கு ஈரம் ஆகவே ஆகாது. காய்ந்த மென்தூரிகையும் பொறுமையும் போதும்.

இரண்டாம் தவறு இதைவிடப் பெரியது. குழலை மூடியிலிருந்து விடுவிக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருப்பது அரக்கு. நம் ஊர்த் தட்டார்கள் பொள்ளலான நகைக்குள் நிரப்புவார்களே, அதே அரக்குதான். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு அது. அரக்கு சுமார் 75 டிகிரியில் இளகும் என்று தெரியும், ஆகவே சூடு காட்டினால் போதும் என்று நினைத்தேன். சால்டரிங் இரும்பின் நுனியை மூடியின் பக்கவாட்டில் வைத்தேன். நான்கு வினாடி. அரக்கு இளகுவதற்கு முன்பே முடி கருகும் வாடை வந்தது. இரும்பின் நுனி முந்நூறு டிகிரிக்கு மேல், தங்கமோ சூட்டை ஒரு நொடியில் கடத்திவிடும். மிச்சமிருந்த இழைகள் அறுந்து குழல் கையோடு வந்தது. முனையில் 3 மி.மீ. சுருண்டு பழுப்பாகிவிட்டது. அன்று இரவு அதைத் தொடவே மனம் வரவில்லை. மறுநாள் சாமணத்தால் கருகிய துணுக்குகளைப் பொறுக்கி ஒரு காகித உறையில் போட்டு, தேதி எழுதி வைத்தேன்.

மூடிக்குள் சிக்கிய 4 மி.மீ. கட்டையை எடுக்க ஆல்கஹாலுக்கு மாறினேன். அரக்கு ஆல்கஹாலில் கரையும். கையில் இருந்தது மெத்திலேட்டட் ஸ்பிரிட். இங்கே கடைகளில் விற்பது ஊதா நிறச் சாயம் கலந்தது. குடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சேர்க்கிறார்கள். இந்த முறை கொஞ்சம் புத்தி வந்திருந்தது. என் நரைமுடி இரண்டை அதில் ஒரு மணிநேரம் ஊறவைத்துப் பார்த்தேன். இளம் ஊதாவாக வெளியே வந்தன. அந்தப் புட்டியை மூடிவைத்துவிட்டு, சாயம் இல்லாத தெளிந்த ஆல்கஹால் 250 மி.லி. 8 பவுண்டுக்கு வரவழைத்தேன். மூடியை வளையத்திலிருந்து இரண்டு குறடுகளால் கழற்றி, ஒரு முட்டைக் கோப்பையில் மூழ்கவிட்டு, மேலே தட்டு கவிழ்த்து இரவு முழுக்க வைத்தேன். காலையில் ஊசியால் தள்ளியதும் கட்டை முழுதாக வெளியே வந்தது. ஒரு மயிரிழை உடையவில்லை. அதுவும் காகித உறைக்குப் போனது. மூடியின் கூர்மையான வாயை 600ஆம் எண் உப்புத்தாள் சுற்றிய பல்குச்சியால் மழுக்கினேன். அந்த விளிம்பை விட்டுவைத்தால் இன்னும் சில ஆண்டில் மறுபடி அறுக்கும்.

இப்போது கணக்கு இடித்தது. 17.5 செ.மீ. குழலில் மூடிக்குள் இருந்த 4 மி.மீ. போயிற்று, கருகிய 3 மி.மீ. போயிற்று. மிச்சம் 16.8 செ.மீ. பழையபடி மூடிக்குள் நுழைத்து ஒட்டினால் நடுக்குழல் மற்ற இரண்டைவிட 7 மி.மீ. குட்டை. கையில் போட்டால் பாரம் முழுவதும் அதன் மேல் விழுந்து முதல் நாளே அறுந்துவிடும். மற்ற இரண்டையும் வெட்டிச் சமமாக்கலாம், ஆனால் நல்ல முடியை வெட்ட நான் தயாராக இல்லை. இழுத்து நீட்டலாமா? அது எவ்வளவு தாங்கும், எங்கே பிரியும் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பின்னல் எப்படிக் கட்டப்பட்டது என்பதே தெரியாமல் அதன்மேல் கை வைக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய குழலைப் பெட்டியில் வைத்துவிட்டு, முதலில் ஒன்றைப் பின்னிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

நியூயார்க்கைச் சேர்ந்த மார்க் கேம்பெல் 1867இல் வெளியிட்ட முடிப் பின்னல் கைந்நூல் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வட்டமான மேஜை, நடுவில் ஓட்டை, சுற்றிலும் எடை கட்டிய புரிகள், ஓட்டை வழியாகக் கீழே தொங்கும் எதிர் எடை. இவ்வளவுதான் கருவி. ஸ்வீடனின் வோம்ஹூஸ் கிராமத்துப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மேஜை வேலையைக் கற்று ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போய் விற்றார்கள். இன்றும் அங்கே பின்னுகிறார்கள். அவர்களின் கைகளைக் காட்டும் காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்ததில் படித்ததைவிட அதிகம் புரிந்தது. எங்கள் பக்கத்து ஊரான ஹாவொர்த்தின் பிராண்டே அருங்காட்சியகச் சேகரிப்பில், தங்கைகள் எமிலி, ஆன் இருவரின் முடியைக் கொண்டு செய்த நாவலாசிரியை ஷார்லட் பிராண்டேயின் பிரேஸ்லெட் இருக்கிறது. எமிலி 1848 டிசம்பரிலும் ஆன் 1849 மே மாதத்திலும் இறந்தார்கள். அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தங்கைகளை ஐந்தே மாதத்தில் இழந்தவரின் மணிக்கட்டில் அது கிடந்திருக்கிறது.

மேஜை செய்வதைத் தவிர்க்கலாம் என்று நினைத்து, ஜப்பானிய குமிஹிமோ பின்னலுக்கு விற்கும் ரப்பர் வட்டு ஒன்றை 5 பவுண்டுக்கு வாங்கினேன். நூலுக்கு அது அருமையான பொருள், முடிக்கு ஆகாது. பள்ளத்தில் செருகும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று இழைகள் மடிந்து ஒடிந்தன. எடை கட்டித் தொங்கவிட்டால்தான் இழுவை சீராக இருக்கும். தொண்டு நிறுவனக் கடை ஒன்றில் 30 செ.மீ. விட்டமுள்ள மரப் பலகை 6 பவுண்டுக்குக் கிடைத்தது, பாலாடைக்கட்டி வெட்டும் பலகை. நடுவில் 4 செ.மீ. ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பையும் பலகையின் விளிம்பையும் உப்புத்தாளால் உருட்டி, மெழுகு தேய்த்தேன். இந்தத் தேய்ப்பில் சோம்பல் கூடாது. சிலாம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் முடி மாட்டி அறும். பலகையைக் கவிழ்த்த வாளியின் மேல் வைத்தேன், வாளியின் அடியிலும் ஓட்டை. எடைக்கு எம்-12 நட்டுகள் பதினாறு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16 கிராம். மொத்தம் 256 கிராம், அதில் பாதியளவு எதிர் எடை. ஒரு துணிப்பையில் 130 கிராம் அரிசி கட்டினேன். எதிர் எடை குறைந்தால் பின்னல் கல்லைப் போல இறுகும், கூடினால் வலை போல விரியும். பழைய குழலின் நெருக்கம் வர 120 கிராமில் நிற்க வேண்டியிருந்தது.

பழகுவதற்கு வயலின் வில்லுக்குப் போடும் குதிரைமுடி ஒரு கற்றை, 12 பவுண்டு. வீண் செலவு. மனித முடியைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமன் அதற்கு. பின்னல் துடைப்பம் போல விறைத்தது. அடுத்து என் முடி. முடிச்சு நிற்கவே இல்லை, எல்லாம் நழுவின. சின்ன வயதிலிருந்து தேங்காய் எண்ணெய் வைக்கும் தலை இது. கைந்நூல் சொல்லியபடி அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவை சோடா போட்டுப் பத்து நிமிடம் காய்ச்சிய பிறகுதான் எண்ணெய் விட்டது. ஆனால் நீளம் போதவில்லை. பின்னி முடித்தால் முடியின் நீளம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. என்னிடம் இருந்தது 28 செ.மீ. வந்தது 13 செ.மீ. குழல்.

நீள முடிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது அம்மாவின் சவுரி நினைவுக்கு வந்தது. தலை வாரும்போது உதிர்ந்த முடியைப் பல ஆண்டுகள் துணியில் சுருட்டிச் சேர்த்து, ஊரில் சவுரி கட்டுகிறவரிடம் கொடுத்துச் செய்தது. கல்யாணங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வார். தொலைபேசியில் கேட்டேன்.

"இருக்கிறது. டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. ஆனால் நான் உயிரோடு இருக்கும்போதே என் முடியைத் துக்க நகை செய்கிற பலகையில் ஏற்றுவாயா?"

அம்மாவுக்கு விக்டோரியாவின் இன்னொரு நகையைப் பற்றிச் சொன்னேன். 1840இல் முதல் குழந்தை பிறந்தபோது ஆல்பர்ட் அவருக்கு ஒரு தங்க பிரேஸ்லெட் கொடுத்தார். அதில் எனாமல் பூசிய சிறு இதயம் ஒன்று, அதற்குள் குழந்தையின் முடி. ஒவ்வொரு குழந்தை பிறந்தபோதும் வேறு நிறத்தில் ஓர் இதயம் சேர்ந்தது. 1857இல் கடைசி மகள் பிறந்தபோது ஒன்பது ஆயிற்று. அதில் துக்கமே இல்லை, எல்லாம் உயிரோடு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் முடி. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, அனுப்புகிறேன். மிச்சத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு" என்றார். பன்னிரண்டாம் நாள் பார்சல் வந்தது. 60 செ.மீ. நீளம், இன்னும் கருமையாக, நாட்டு மருந்துக்கடை வாசனையோடு.

சவுரியை அவிழ்த்து சோடா நீரில் போட்டதும் ஒரு பிடி முடி கம்பளிபோல் முடிச்சு விழுந்துவிட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. வெட்டிய கூந்தலில் வேர் எல்லாம் ஒரு பக்கம், நுனி எல்லாம் ஒரு பக்கம். உதிர்ந்து சேர்த்த முடியில் இரண்டும் கலந்து கிடக்கும். மயிரிழையின் மேல் செதில்கள் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதால், எதிரெதிராகக் கிடப்பவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, அதன் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாக உரசினால், இழை தானாக வேர்ப் பக்கமாக ஊர்ந்து போகும். அந்தப் பக்கத்தை இடது கையில் வைக்க வேண்டும். பிறகு அடுத்த இழை.

ஒரு புரிக்கு 20 இழை, 16 புரி, மொத்தம் 320. ஒடிபவற்றுக்கும் சேர்த்து 400 எடுத்தேன். மூன்று மாலைகள் ஆயின. வெள்ளைத் துணி விரித்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஒவ்வொன்றாக உரசிப் பிரித்தேன். அம்மாவின் முடி ஒவ்வொன்றும் என் விரல் வழியாகப் போயிற்று. சிலது முழுக்கச் சுருள், சிலது நேர், ஒன்றிரண்டு நடுவில் மெலிந்து மறுபடி தடித்திருந்தன. காய்ச்சலில் கிடந்த ஏதோ ஒரு வருடமாக இருக்கலாம். 1860களில் மேஜையருகே உட்கார்ந்த பெண்களும் இறந்தவரின் முடியை இப்படித்தான் எண்ணியிருப்பார்கள். பூட்டும் மூடியும் வருவதற்கு வெகுமுன்பே, இந்த எண்ணிக்கையிலேயே துக்கத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கும் என்று அந்த மாலைகளில் தோன்றியது.

பின்னல் ஏறத் தொடங்கியதும் வேலை இன்பமாகிவிட்டது. எட்டுப் புரி வலமாக, எட்டுப் புரி இடமாக, ஒன்றன் மேல், அடுத்ததன் கீழ். நடுவில் 2.5 மி.மீ. கம்பி, அதைச் சுற்றிக் குழல் வளர்கிறது. மணிக்கு ஒன்றரை செ.மீ. என்ற வேகத்தில் 21 செ.மீ. பின்னப் பதினான்கு மணிநேரம். கம்பியோடு பத்து நிமிடம் கொதிக்கவைத்து, அடுப்பில் 90 டிகிரியில் காயவிட்டு, கம்பியை உருவினால் குழல் அந்த வடிவத்திலேயே நிற்கிறது. என் சொந்த முடியில் முதலில் செய்தபோது எஃகுப் பின்னலூசியைப் போட்டிருந்தேன். துருப்பிடித்து உள்பக்கம் கறையானது. அதனால் இந்த முறை பித்தளைக் கம்பி.

இந்தக் குழல்தான் எனக்குப் பழையதைப் பற்றிப் பாடம் சொன்னது. இரண்டு முனையையும் பிடித்துத் தள்ளினால் குழல் குட்டையாகிப் பருக்கிறது. இழுத்தால் நீண்டு மெலிகிறது. அதாவது பழைய குழலை 7 மி.மீ. இழுத்து நீட்ட முடியும், ஆனால் அது மெலிந்து, காலமெல்லாம் இழுவையிலேயே இருக்கும். வேண்டாம். இன்னொரு பாடமும் கிடைத்தது. முனையைக் கட்டாமல் கத்தரித்தால் ஒரு நொடியில் ஒரு சென்டிமீட்டர் பிரிந்துவிடுகிறது. பழைய குழலின் கருகிய முனையை முதல் வாரமே அவசரப்பட்டு வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆகவே பழையதில் இப்படிச் செய்தேன். கருகலுக்கு அடுத்த நல்ல இடத்தில் மெல்லிய கறுப்புப் பட்டு நூலால் பத்துச் சுற்று கட்டினேன். நூலின் மேல் மட்டும் ஆல்கஹாலில் கரைத்த அரக்கை ஒற்றைமயிர்த் தூரிகையால் தொட்டுவைத்து ஒரு நாள் காயவிட்டேன். பிறகுதான் கருகலைச் சவரக் கத்தியால் எடுத்தேன். இழந்த 7 மி.மீ.க்கு முடியால் பதில் சொல்லக் கூடாது என்பதால், மாதிரி ரயில் செய்பவர்களுக்கு விற்கும் 2.4 மி.மீ. பித்தளைக் குழாயில் 12 மி.மீ. வெட்டினேன். அதில் 5 மி.மீ. முடிக்குழலுக்குள், 4 மி.மீ. தங்க மூடிக்குள், நடுவே 3 மி.மீ. வெளியே. வெளியே தெரியும் பகுதியைக் கறுப்புப் பட்டு நூலால் நெருக்கமாகச் சுற்றினேன். உற்றுப் பார்த்தால் தெரியும். தெரிய வேண்டும். பின்னால் கையில் எடுப்பவர் எது 1863, எது என் வேலை என்று கண்டுகொள்ளலாம். ஆல்கஹாலில் ஊறவைத்தால் என் வேலை முழுவதும் கழன்றுவிடும்.

கடைசி ஒட்டுதலுக்குச் சூட்டை முடியருகே கொண்டுபோகவே இல்லை. வெறும் மூடியைத் தனியாகச் சூடுதட்டில் 90 டிகிரியில் வைத்து, அதற்குள் அரக்குத் துகள்களை உருக்கினேன். தட்டிலிருந்து எடுத்து, அரக்கு பாகுபோல நூல் இழுக்கும் பதத்துக்கு வந்ததும், பட்டு சுற்றிய பித்தளை முனையை உள்ளே அழுத்தி முப்பது எண்ணினேன். முதல் முறை கோணலாக நின்றது. பித்தளையை மட்டும் சூடாக்கிய சாமணத்தால் பிடித்து நிமிர்த்தினேன். வளையத்தை மாட்டி மூடினேன். இழுத்துப் பார்க்கும் துணிவு வர இரண்டு நாள் ஆயிற்று.

பிரேஸ்லெட் விலையைத் தவிர்த்துச் செலவு 56 பவுண்டு 30 பென்ஸ். ரப்பர் வட்டு 5, பலகை 6, நட்டுகள் 4.80, குதிரைமுடி 12, பித்தளைக் கம்பியும் குழாயும் 7.50, அரக்குத் துகள் 9, ஆல்கஹால் 8, கறுப்புப் பட்டு நூல் 4. இதில் 17 பவுண்டு தேவையே இல்லாத செலவு. அடுத்த முறை வட்டும் குதிரைமுடியும் வாங்க மாட்டேன். சால்டரிங் இரும்பை மேஜைக்கே கொண்டுவர மாட்டேன். உடைந்த குழலைக் கழற்றுவதற்கு முன்பே அதன் முனையைக் கட்டிவிடுவேன், இந்த இரண்டையும் கவனித்திருந்தால் அந்த 3 மி.மீ. இன்று இருந்திருக்கும். மாதிரிப் பின்னலை முதல் வாரத்திலேயே தொடங்குவேன். பலகையை 40 செ.மீ. அகலத்தில் எடுப்பேன். 30 செ.மீ.யில் நட்டுகள் ஒன்றோடொன்று மோதிப் புரிகள் முறுக்கிக்கொள்கின்றன.

பிரேஸ்லெட் இப்போது அமிலமற்ற காகிதம் விரித்த பெட்டியில், இரண்டு சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கிறது. பூச்சி முடியைத் தின்னும் என்பதால் மாதம் ஒரு முறை திறந்து பார்க்கக் குறித்துவைத்திருக்கிறேன். கருகிய துணுக்குகளும் மூடிக்குள் இருந்த கட்டையும் உள்ள காகித உறை அதன் அடியிலேயே இருக்கிறது.

அம்மாவின் 21 செ.மீ. குழலுக்கு இன்னும் மூடி செய்யவில்லை. முனைகளைத் தற்காலிகமாக வெள்ளைத் தையல் நூலால் கட்டிவைத்திருக்கிறேன். படம் அனுப்பியபோது அம்மா மணிக்கட்டை நூலால் அளந்து, பதினைந்தரை செ.மீ. என்று சொன்னார். பிறகு பழைய பிரேஸ்லெட்டின் படத்தையும் பார்த்துவிட்டு மறுபடி அழைத்தார்.

"எனக்குக் கட்டும்போது கறுப்பு நூல் வேண்டாம். சிவப்பு வாங்கு."

நேற்று வாங்கிவிட்டேன். அதே கடை, அதே தடிமன், 4 பவுண்டு.